குழி உட்பட

இரவு இரண்டரைக்கு நாய் குரைப்பை நிறுத்தியது.
அந்த அமைதிதான் ஹாஜரை எழுப்பியது.
சத்தம் பிறகுதான் வந்தது:
யாரோ தோளிலிருந்து தானிய மூட்டையை
இறக்கிவைத்ததுபோல், ஒரே ஒரு முறை.
கூடவே நீளமாய் ஒரு பெருமூச்சு.

விடிந்ததும் பார்த்தார்கள்.
மக்காச்சோளத்தின் நடுவே
வட்டமாய் ஒன்றுமில்லை.
கிணறு வெட்டுகிறவன்கூட
இவ்வளவு சுத்தமாய் வட்டம் போடமாட்டான்.
விளிம்பில் நின்ற பயிர்
பாதி வேரைக் காற்றில் தொங்கவிட்டபடி
இன்னும் பச்சையாகவே இருந்தது,
சேதி போய்ச் சேராத வீடு மாதிரி.

துர்முஷ் ஒரு கல்லைப் போட்டான்.
ஹாஜர் எண்ணினாள்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்கு வாயெடுத்தபோது கேட்டது.

கோன்யாவிலிருந்து வந்த செவ்தா
வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு
நடந்து வந்தாள், கடைசிப் பத்தடியைத் தவழ்ந்து.
லேசர் கருவி சொன்னது: முப்பத்தொன்பது மீட்டர்.
"நிற்காதீர்கள், படுத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.
மூவரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள்.

மேலே ஒரு முழம் கறுப்பு.
இத்தனை வருடம் உழுதது அவ்வளவுதான்.
அதற்குக் கீழே தவிட்டு நிறம்,
சுண்ணாம்பின் வெள்ளை,
சாம்பல் களிமண், மறுபடி வெள்ளை, மறுபடி,
கோடு போட்ட நோட்டில்
யாரும் எதுவும் எழுதாததுபோல்.
ஒரு கோட்டில் மட்டும் பொடிப்பொடியாய் நத்தை ஓடுகள்.
"இங்கே ஏரி இருந்தது."
"எப்போது?"
செவ்தா ஓர் எண் சொன்னாள்.
வங்கியில் வட்டித் தொகையைச் சொன்னபோது
தலையாட்டியது போலவே
துர்முஷ் தலையாட்டினான்.

மழை மண்ணுக்குள் இறங்கும்போது
மக்கிய வேர்களின் மூச்சைக் குடித்து
லேசாய்ப் புளித்துவிடுகிறது.
அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லை நக்குகிறது.
ஒரு விரற்கடை கரைய எத்தனையோ தலைமுறை.
பயந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.
நிலத்துக்கு அது பயமில்லை,
அன்றாட வேலை.
அப்படித்தான் அடியில்
அறை அறையாய் வெறுமை உண்டாயிற்று.

ஆனாலும் கூரை விழவில்லை.
அறைக்குள் தண்ணீர் நின்றது, தூணாக.
செவ்தா இதைச் சொன்னபோது
துர்முஷ் பம்பு இருந்த பக்கம் திரும்பவில்லை.
ஹாஜர் திரும்பினாள்.
கல்யாணமான வருடம் இருபது மீட்டரில் தண்ணீர்.
யாவுஸ் பிறந்தபோது ஐம்பது.
போன கோடையில் நூற்றுப்பத்து;
ஒவ்வொரு முறையும் குழாய் வாங்க
கடன் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.
தூணை உறிஞ்சிச் சோளத்துக்கு ஊற்றினோம்,
மின்கட்டணமும் கட்டி.
இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர்
பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நாற்பது தோனும்.
"குழியும் உங்களுடையதுதான்."
"வரி?"
"படிவத்தில் குழிக்கென்று கட்டம் இல்லை."
எனவே நாற்பது. குழி உட்பட.

வசந்தத்தில் புறாக்கள் வந்தன.
மூன்றாவது வெள்ளைக் கோட்டில்,
நத்தைகளுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறின.
யாவுஸ் கம்பிவேலி போட்டான்.
ஆறே மாதத்தில் இரண்டு கம்பம் உள்ளே போயிற்று.
வேலியைப் பின்னால் தள்ளிப் போட்டான்.

இது ஜூலை.
சோள இலை சுருட்டு மாதிரி சுருண்டுவிட்டது.
துர்முஷ் பம்பை வயலின் மறுகோடிக்கு மாற்றியிருக்கிறான்.
இரவில்தான் மின்சாரம் மலிவு.
பதினோரு மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து,
காலைக் கழுவி,
ஒன்றும் பேசாமல் படுத்தான்.

ஹாஜர் தலையணையை எடுத்துவிட்டாள்.
காதைத் தரையில் வைத்தால்
பம்பின் அதிர்வு பல்லில் தெரிகிறது.
அதற்கும் அடியில் என்ன என்று
கேட்கப் பார்க்கிறாள்.

வெளியே நாய் குரைக்கிறது.
குரைக்கட்டும்.